ஈயப் படைவீரரும் தூரிகையின் பொறுப்பும்



பத்தாண்டு நிறைவு விழாவில் உரையாற்ற வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, 'தலைப்பு உங்கள் விருப்பம்' என்றார்கள். சங்க இலக்கியத்திலிருந்தோ காப்பியங்களிலிருந்தோ ஒரு தலைப்பை எதிர்பார்த்திருப்பார்கள். நான் தேர்ந்துகொண்டதோ விரல் உயரப் பொம்மைகள். மேலைநாடுகளில் மேசைமேல் ஆடப்படும் போர் விளையாட்டுக்காக, பழைய படைகளின் வீரர்களைச் சிற்றுருவங்களாக வார்த்து, வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டும் ஒரு கைவினையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 'கவியரங்கில் பொம்மைக்கு என்ன வேலை?' என்று சிலர் எண்ணக்கூடும். சிறிய வடிவத்துக்குள் பெரிய செய்தியை அடக்க முயல்வோர்க்கு இக்கைவினையில் கற்க வேண்டியது உண்டு என்பது என் துணிபு. அதை இறுதியில் நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் ஹில்பெர்ட் குடும்பத்தார் வெள்ளீயத்தில் தட்டையான படைவீரர் பொம்மைகளை வார்த்துப் புகழ் பெற்றனர். தாள் போல் மெலிந்த அவ்வுருவங்களுக்கு முன்னும் பின்னும் மட்டுமே உண்டு. பக்கவாட்டுத் தோற்றம் இல்லை. பிரஷ்ய நாட்டில் வான் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-இல் போரை ஒரு பயிற்சி விளையாட்டாக வகுத்து அரசனுக்குக் காட்டினார். அவர் மகன் 1824-இல் அதைத் திருத்தி அமைத்தார். படை அதிகாரிகள் அதைக் கொண்டு பயின்றனர். ஆனால் அவர்கள் ஆடியது கட்டைகளைக் கொண்டுதான். அக்கட்டைகளுக்கு முகம் இல்லை.

பொம்மையும் விளையாட்டும் ஒன்றுகூடியது இங்கிலாந்தில். 1893-இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டனர். உருகிய ஈயம் அச்சின் சுவரை ஒட்டி உறைந்ததும் நடுவில் எஞ்சியதைக் கவிழ்த்து ஊற்றிவிடுவார்கள். ஈயம் மிச்சமாயிற்று, விலை குறைந்தது, நடுத்தர வீட்டுப் பிள்ளைகளின் கைக்கும் படைகள் வந்து சேர்ந்தன. இங்கு ஒரு செய்தியைப் பெண் என்ற முறையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டியவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். தொழிற்கூடத்தில் அமர்ந்து தீட்டியவர்களும் உண்டு. வீட்டுக்கு வாங்கிச் சென்று எண்ணிக்கைக் கூலிக்குத் தீட்டியவர்களும் உண்டு. பேரரசின் சிவப்புச் சட்டைக்குச் சிவப்பூட்டியவை பெயர் தெரியாத அந்தக் கைகள்தாம்.

அறிவியல் புனைகதைகளால் உலகப் புகழ் பெற்ற எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் சிறு நூலை வெளியிட்டு, இப்பொம்மைகளைக் கொண்டு ஆடுவதற்கு விதிகளை வகுத்தார். இது பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையிலான ஆண்பிள்ளைகளுக்கு உரியது என்று நூலின் தலைப்பிலேயே நகைச்சுவையாகக் குறித்தவர், ஆண்பிள்ளைகளின் விளையாட்டை விரும்பும் அறிவார்ந்த பெண்பிள்ளைகளுக்கும் போனால் போகிறது என்று ஓர் இடம் ஒதுக்கினார். அந்த இடத்தில் நின்றுதான் நானும் பேசுகிறேன். வெல்ஸ் போரை விரும்பியவர் அல்லர். போர்வெறி கொண்ட மன்னர்களையும் தலைவர்களையும் பொம்மைகளோடு ஒரு பெரிய மண்டபத்தில் விட்டுவிட்டால் ஏனையோர் நிம்மதியாக வாழலாமே என்பது அந்நூலின் இறுதிக் கருத்து. நூல் வெளிவந்த மறு ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்விளையாட்டு மீண்டும் தழைத்தது. 1962-இல் டொனால்டு ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' என்னும் நூல் பலரை இதன்பால் ஈர்த்தது.

இனி, கைவினையின் இயல்பைப் பார்ப்போம். என் தங்கை மகன் இங்கிலாந்தில் பணிபுரிகிறான். விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளைக் கொண்டுவந்தான். மூன்று வாரம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு கோடி அவனுடைய பட்டறையாக இருந்தது. நான் விடைத்தாள் திருத்துவதும் அவன் தூரிகை பிடிப்பதுமாகப் பொழுது கழிந்தது. இனி நான் சொல்வதில் பாதி அங்குக் கண்டது; மீதி அதன் தூண்டுதலால் தேடிப் படித்தது.

இன்று பெரிதும் வழங்கும் பொம்மையின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டரிலும், அரிசிமணி அளவேயான 6 மில்லிமீட்டரிலும்கூட உண்டு. அச்சிலிருந்து வந்த உருவத்தில் இரு அச்சுப் பாதிகள் கூடிய கோடு பிசிறாக நிற்கும். அதை அரத்தால் தேய்த்து நீக்குவார்கள். சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பின், பிடித்துக்கொள்வதற்காக ஒரு புட்டித் தக்கையின் மேல் ஒட்டுவார்கள். கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவற்றுள் ஒன்றை அடிப்பூச்சாகப் பூசுவார்கள். அதன்மேல்தான் சட்டை, தோல்வார், துப்பாக்கி, முகம் என ஒவ்வொன்றுக்கும் உரிய வண்ணம் ஏறும்.

இதில் என்னை வியக்கவைத்தது நிழலைப் பற்றிய நுட்பம். நம் சட்டையின் மடிப்பில் நிழல் தானே விழுகிறது. ஆனால் விரல் உயர உருவத்தின் மடிப்பில் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு நிழல் விழாது. ஒரே வண்ணத்தை ஒழுங்காகப் பூசினால் உருவம் தட்டையாக, உயிரற்றுத் தோன்றும். எனவே நிழலையும் ஒளியையும் தீட்டுபவரே எழுத வேண்டும். நீர்த்த கருவண்ணத்தை வழியவிட்டு மடிப்புகளில் தேங்கவைப்பார்கள். மேட்டுப் பகுதிகளில் வெளிர்வண்ணம் வைப்பார்கள். சிவப்புச் சட்டைக்கு ஆழ்ந்த செந்நிறம், நடுச் சிவப்பு, ஆரஞ்சு சாயும் வெளிர் சிவப்பு என மூன்று படிகள் வேண்டும். அருகில் வைத்துப் பார்த்தால் மிகைபோல் தோன்றும். மேசையின் மறுகோடியிலிருந்து பார்த்தால் இயல்பாக இருக்கும். வடிவம் சிறுத்தால் இயற்கை செய்யும் வேலையைக் கலைஞர் செய்ய வேண்டியிருக்கிறது. நான்கு அடிகளில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முனைந்த கவிஞர்கள் இதை அறிவார்கள்.

அடுத்தது உருமாற்றம். பொம்மையை வாங்கியபடியே தீட்டாமல், வெட்டி ஒட்டி வேறோர் ஆளாக ஆக்குவது. இது பெரும்பாலும் இல்லாமையில் பிறந்த கலை. இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் மலிவு விலையில் சிறிய பிளாஸ்டிக் வீரர்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. ஆனால் விளையாடுவோர் விரும்பிய படைகள் எல்லாம் அப்பெட்டிகளில் இல்லை. இல்லாததை இருப்பதிலிருந்து ஆக்கினார்கள். ஒருவன் தலையைக் கொய்து மற்றொருவன் கழுத்தில் ஊசி செருகிப் பொருத்தினார்கள். சூடான கத்தியால் தொப்பியின் விளிம்பைச் சீவினார்கள். தாளை நறுக்கி மேலங்கி செய்தார்கள். இன்று மஞ்சள், நீலம் ஆகிய இரு பட்டைகளைச் சேர்த்துப் பிசையும் எப்பாக்சிப் பசை கிடைக்கிறது. பிசைந்தால் பச்சையாகி மாவுபோல் குழையும். சில மணி நேரத்தில் இறுகிவிடும். அதற்குள் தலைப்பாகையின் சுற்றுகளையும் இடுப்புத் துணியின் மடிப்புகளையும் ஊசிமுனையால் செதுக்கிவிட வேண்டும்.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்ட இந்நாளிலும் இந்தப் பழக்கம் மறையவில்லை. காரணம் எளிது. அச்சு ஆயிரம் பேரை ஒரே ஆளாக ஆக்குகிறது. அதே கால், அதே தோள், அதே பார்வை. உருமாற்றுபவர் ஒருவனுடைய கையைச் சற்றுத் திருப்புகிறார். மற்றொருவன் முழங்காலில் ஒட்டுத் துணி வைக்கிறார். வரிசையில் நின்றவன் தனி ஆளாகிறான். வெண்பாவின் அச்சு ஒன்றுதான். அதற்குள் ஔவையின் குரல் வேறு, காளமேகத்தின் குரல் வேறு என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவில் நின்றால் இது ஓர் இனிய பொழுதுபோக்கு. ஆனால் எதை மாற்றுவது, எதை நீக்குவது என்ற கேள்வி எழுந்தவுடன் பொம்மை வரலாற்றுக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. வில்லியம் சைபோர்ன் என்னும் பிரிட்டிஷ் அதிகாரியிடம் 1830-இல் வாட்டர்லூப் போர்க்களத்தைச் சிற்றுருவாகச் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் களத்திலேயே பல மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கேற்று உயிரோடிருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி, 1815 ஜூன் 18 மாலை ஏழு மணியளவில் எங்கு நின்றீர்கள், எதைக் கண்டீர்கள் என்று கேட்டார். அரசு பணம் தருவதை நிறுத்தியபோதும் கடன் வாங்கித் தொடர்ந்தார். ஏறத்தாழ 75,000 சிறு ஈய உருவங்களோடு அந்த மாதிரி 1838-இல் லண்டனில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

சிக்கல் எழுந்தது எதனால் தெரியுமா? வெற்றிக்குத் துணைநின்ற பிரஷ்யப் படைகளை அவர் பெருந்தொகையாகக் களத்தில் நிறுத்தியிருந்தார். வெற்றி முழுவதும் தமதே என்று கருதிய வெலிங்டன் தரப்பினருக்கு அது உவப்பாக இல்லை. நெருக்கடிக்கு உள்ளான சைபோர்ன் பிரஷ்யப் பொம்மைகளில் பெரும்பகுதியைப் பின்னர் எடுத்துவிட்டார். ஒரு விரல் மூட்டளவுகூட இல்லாத ஈயத் துண்டுகள். அவற்றை எடுத்தபோது மேசைமேல் ஒரு நாட்டின் பங்கு குறைந்துபோயிற்று. அந்த மாதிரி இன்று பிரிட்டனின் தேசியப் படை அருங்காட்சியகத்துக்கு உரியது. அதைப் பற்றி எழுதுவோர், அதில் இருப்பவர்களோடு எடுக்கப்பட்டவர்களையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இந்த வெலிங்டன் வாட்டர்லூவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரோடு நம் நாட்டில் படை நடத்தியவர். 1803 செப்டம்பர் 23-ஆம் நாள், இன்றைய மகாராட்டிரத்தில் உள்ள அசாயே என்னும் ஊரருகே மராட்டியப் படையை எதிர்த்து அவர் போரிட்டார். அவர் பக்கம் நின்ற காலாட்படையில் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவுகள் இரண்டே. ஏனைய பட்டாளங்கள் மதராஸ் சிப்பாய்ப் படையைச் சேர்ந்தவை. இரு பக்கமும் குருதி ஆறாக ஓடிய போர் அது. மேசைப் போர் விளையாடுவோர் அசாயேயை விரும்பி ஆடுகிறார்கள். மதராஸ் சிப்பாய்களின் பொம்மைகளும் கிடைக்கின்றன. கிடைக்காதபோது ஐரோப்பிய வீரன் உடலில் தலைப்பாகை சுற்றி, நீள்காற்சட்டையைச் சீவிக் குறுங்காற்சட்டையாக்கி உருமாற்றுகிறார்கள்.

என் தங்கை மகன் எங்கள் வீட்டு மேசையில் தீட்டிக்கொண்டிருந்தது அத்தகைய 24 சிப்பாய்களைத்தான். முதல் தடையே தோல் நிறத்தில் வந்தது. இத்தொழிலுக்கென விற்கப்பட்ட வண்ணங்களில் 'சதை நிறம்' என்று பெயரிட்டது நெடுங்காலம் இளஞ்சிவப்பு சாய்ந்த வெளிர் நிறமே. அச்சொல்லுக்குள் நம் சதை இல்லை. அவன் ஆழ்ந்த பழுப்பிலிருந்து தொடங்கி மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, விரல்மூட்டு ஆகியவற்றில் படிப்படியாக ஒளியேற்றினான். நம்மவர்களுக்கு நிறம் கலக்கும்போது ஒரே கலவையை 24 முகத்துக்கும் பூசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு தூரிகையை நிறுத்திவிட்டு, "பெரியம்மா, இவங்க நெற்றியில என்ன இருந்திருக்கும்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை. திருநீறா, திருமண்ணா, ஒன்றுமில்லாத வெறும் நெற்றியா? சிப்பாய்களில் இசுலாமியரும் பலர். 28 மில்லிமீட்டர் உருவத்தின் நெற்றி ஒரு கடுகளவு. ஆனால் அந்தக் கடுகுக்குள் ஒரு காலக்குறிப்பு இருக்கிறது. 1805-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1806-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மதராஸ் படைத்தலைமை சில ஆணைகளை வெளியிட்டது. சிப்பாய்கள் சீருடையில் இருக்கும்போது நெற்றிக் குறி இடக் கூடாது. காதணி அணியக் கூடாது. தாடி மழிக்கப்பட வேண்டும். மீசை விதித்தபடி இருக்க வேண்டும். புதிய வடிவத் தலைப்பாகையை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகை ஐரோப்பியரின் தொப்பியை ஒத்திருந்தது. அதில் தோலால் செய்த அணி ஒன்றும் இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயம் இந்துக்களையும் இசுலாமியரையும் ஒருங்கே வாட்டியது. 1806 மே மாதத்தில் வேலூரில் அதை அணிய மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடித் தண்டனை விதிக்கப்பட்டது. சூலை 10-ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். பிரிட்டிஷ் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்துவந்த குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டனர். எழுச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். ஆயினும் பொறியாக அமைந்தது ஒரு தலையணி. ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன. மறு ஆண்டு ஆளுநர் பெண்டிங்கும் படைத்தலைவர் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர்.

ஆகவே நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, இது 1803. தடை இன்னும் வரவில்லை. சிலர் நெற்றியில் நீறு இருக்கட்டும், சிலர் நெற்றியில் மண் இருக்கட்டும், சிலர் தாடியோடு இருக்கட்டும்." அவன் ஓரிழையே கொண்ட தூரிகையால் வைத்தான். மேசைக்கு அப்பால் நின்று பார்ப்பவர்க்கு அவை தெரியமாட்டா. 'தெரியாததை ஏன் வைக்க வேண்டும்?' என்று கேட்கலாம். அந்தக் குறியை இட்டுக்கொள்ளும் உரிமைக்காக அடிபட்டவர்களும் செத்தவர்களும் உண்டு என்பதே என் விடை.

நண்பர்களே, இக்கைவினையின் எல்லையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விளையாட்டு விதிகள் பலவற்றில் ஒரு பொம்மை இருபது பேருக்கு நிகர். பகடை உருண்டு ஒரு பொம்மை எடுக்கப்படும்போது இருபது பேர் மேசையை விட்டுப் போகிறார்கள். அவர்கள் முனகுவதில்லை. அவர்களுக்காக ஊரில் காத்திருப்பவள் மேசையில் இல்லை. சீருடையின் பொத்தான்வரை சரியாகத் தீட்டும் தூரிகை, புண்ணைத் தீட்டப் பெரும்பாலும் தயங்குகிறது. போர் அழகாகிவிடும் ஆபத்து இங்கு எப்போதும் உண்டு. வெல்ஸ் அதை உணர்ந்திருந்தார். ஆடுவோரில் சிந்திப்பவர்களும் உணர்கிறார்கள்.

நம் மரபில் போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுத்தார்கள். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் நிலைகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்துகிறது. பல நடுகற்களில் ஓர் ஆளின் உருவமும், அவன் பெயரும், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஆநிரைப் பூசலில் அவன் பட்டான் என்பதும் உள்ளன. ஆயிரம் பேருக்கு ஒரு கல் அன்று. ஒருவனுக்கு ஒரு கல். பெயரை எழுதிய உளியும் நெற்றிக்குறி வைத்த தூரிகையும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: கூட்டத்திலிருந்து ஒருவனை மீட்பது.

போரைப் பாடும் கவிதைகள் இன்றும் எழுதப்படுகின்றன. 'குருதி', 'கண்ணீர்', 'தியாகம்' என்று வார்ப்பில் வந்த சொற்களை வரிசையாக நிறுத்திவிட்டால் படை அமைந்துவிடும், ஆள் அமைவதில்லை. அச்சில் வந்த சொல்லின் பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும். சதை நிறம் என்று எழுதுமுன் யாருடைய சதை என்று கேட்க வேண்டும். யாரையேனும் களத்திலிருந்து எடுத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். வாசகர் கண்ணில் படாமல் போகலாம் என்று தெரிந்தும் அந்தக் கடுகளவு உண்மையை வைக்க வேண்டும். இவற்றைச் செய்யும் கவிஞர்கள் இவ்வட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை இப்பத்தாண்டுத் தொகுப்புகளைப் படித்தவள் என்ற முறையில் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

அந்த 24 சிப்பாய்களும் இப்போது கடல் கடந்து, ஒரு குளிர்நாட்டு வீட்டின் கண்ணாடிப் பேழையில் நிற்கிறார்கள். அடுத்து வேலூர்க் கோட்டையைச் செய்யப் போவதாகவும், மதில் அமைப்பைப் பார்த்து எழுதி அனுப்புமாறும் அவன் கேட்டிருக்கிறான். வட்டத்து நண்பர்கள் இசைந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் எல்லோருமே வேலூருக்குப் போய்வரலாம். என் பங்குக்குக் குறிப்பேடு கொண்டுவருகிறேன்.